நிறுத்தச் சொல்ல மறந்த டீச்சர்

அண்ணன் போய்ச் சேர்ந்த மறு வாரமே அறிவியல் டீச்சர் பள்ளிக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்தால், வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், இவரும் ஒப்பிப்பார். சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிருந்தது. நாக்கு மட்டுமில்லை.

பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

சோதனைக்குழாயில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, ஸ்ட்ராவை விட்டு டீச்சர் ஊதினார். நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயு இருப்பதால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. மறுபடி ஊதினார். ம்ஹூம்.

"மிஸ்ஸுக்கு மூச்சே இல்ல போல," என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு 'ரேடியோ' என்றே பெயர். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள்.

டீச்சருக்குக் கோபம்கூட வரவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "வெறும் தண்ணிய ஊத்தியிருக்கேன்." குழாயைக் கழுவி, சரியான பாட்டிலில் இருந்து கொஞ்சம் ஊற்றினார். "நீ வந்து ஊது. உள்ள மட்டும் இழுத்துடாத."

ரேடியோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து ஊதினாள். குமிழிகள் கிளம்பின, தண்ணீர் வெளுத்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. எதிர்க் கட்டடத்தில் ஒருவர் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது. செய்த தப்புக்கு ஈடுகட்டுவது போல் ரேடியோ முகம் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், திரும்பத் தெளிஞ்சிடுச்சு," என்றது முன் பெஞ்சு.

"நான் ஒண்ணும் பண்ணல மிஸ்," என்ற ரேடியோ தள்ளாடினாள்.

டீச்சர் அவளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார்த்தினார். "ரொம்ப நேரம் ஊதினா அந்த வெள்ளை கரைஞ்சிடும். நீ சரியாத்தான் செஞ்ச. நாந்தான் போதும்னு சொல்லல."

மணி அடித்தது. மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். தலைச்சுற்றல் நிற்கட்டும் என்று ரேடியோவை மட்டும் இருக்கச் சொன்னார். அவளால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்?

"மிஸ், உங்க அண்ணனும் டீச்சரா?"

இதை அதுவரை யாரும் கேட்கவில்லை.

"இல்ல. பஸ் ஓட்டுனாரு."

"வேகமாவா?"

"ஊர்ந்துக்கிட்டுதான் போவாரு. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சே ஓஞ்சிடுவாங்க."

ரேடியோ சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மழை பெஞ்சா இன்னும் மோசம்," என்று சொல்லத் தொடங்கினார்.