வாசல்ல யாரு?

"வலது கைய மொதல்ல போடு. அந்தத் தோள்தான் அவருக்கு வலிக்கும்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் உறைத்தது, இனி அப்பாவுக்கு எந்தத் தோளும் வலிக்கப்போவதில்லை. அண்ணன் வெள்ளைச் சட்டையின் வலது கையை விரித்துப் பிடித்தான். ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை. பக்கத்து அறையில் சபைப் பெண்கள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பஸ் ஓட்டியவர். முன்கோபி என்றால் சாதாரண முன்கோபி இல்லை. இளவயதில் ஒருவனைச் சட்டையைப் பிடித்து நடுரோட்டில் இழுத்தவர். விசுவாசத்துக்கு வந்தபின் அந்தக் கோபத்துக்கு அவரே காவல் போட்டுக்கொண்டார். பாவம் கதவை உடைத்துக்கொண்டு வராது, வாசலில் படுத்துக் கிடக்கும், திறந்துவிடுகிற ஆள் நாம்தான் என்பார். எவனாவது வண்டியைக் குறுக்கே விட்டால், வாய்வரை வந்த வசவை விழுங்கிவிட்டு, "வாசல்ல யாரு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். "முன்வாசலா, பின்வாசலாண்ணே?" என்று கண்டக்டர் கிண்டலடிப்பார். வீட்டிலும் அதே கேள்விதான். பொய்க்கு வாயெடுக்கிற பிள்ளைக்கும் புறணிக்கு வாயெடுக்கிற மனைவிக்கும் அந்த ஒரே கேள்வி. ஒரே ஒருநாள் மட்டும் கேட்டுக்கொள்ள மறந்துபோய், வளர்ந்த மகனை அறைந்துவிட்டார். அன்று வீட்டைவிட்டுப் போனவன்தான் அண்ணன்.

இன்று காலை அவன் பையும் கையுமாக வந்து நின்றபோது அவள்தான் கதவைத் திறந்தாள்.

"தூங்குறார். கீழ கடையில ஒரு டீ குடிச்சிட்டு வா," என்றாள்.

அப்பா தூங்கவில்லை. அண்ணன் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள், உள்ளேயிருந்து தேய்ந்துபோன குரல் வந்தது. "வாசல்ல யாரு?"

அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தவருக்கு மலமும் மூத்திரமும் அள்ளியவள் அவள். மாதம் ஒரு போனோடு நிறுத்திக்கொண்டவன், கடைசி நேரத்தில் வந்து மொத்தப் பாசத்தையும் அள்ளிக்கொண்டு போவதா? ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருக்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

"யாருமில்லப்பா," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"தூக்கத்துலயே போயிட்டார்ல," என்றான் அண்ணன் இப்போது, சட்டையை மெல்ல மேலே இழுத்தபடி. "நான் பக்கத்துல நின்னிருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

தலையை ஆட்டினால் போதும். ஆட்டியும்விட்டாள்.

சபை மூப்பரின் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மகளா இல்லம்மா, தாயா இருந்து பாத்துக்கிட்டே. கர்த்தர் ஒனக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டார்."

அந்த அம்மாள் போகும்வரை அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா தூங்கலண்ணே," என்றாள்.

"என்ன?"

"முழிச்சுதான் இருந்தார். வாசல்ல யாருன்னு கேட்டார்."

அண்ணன் சிரித்தான். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பாத்தியா! கடைசி மூச்சுவரைக்கும் காவலை விடல மனுஷன். இப்படி ஒரு சாவு யாருக்கு வரும்! போதகர்கிட்ட சொல்லணும் இத."

இதோடு விட்டுவிடலாம். அவள் பொய் சொல்லவில்லை. அவனாகத்தான் தப்பாக எடுத்துக்கொண்டான். போதகர் அதை அடக்க ஆராதனையில் சொல்வார், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் அவள். நினைக்கவே பயமாக இருந்தது.

"அது இல்லண்ணே." அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நெசமாவே கேட்டார். நீ படியிறங்கிக்கிட்டு இருந்தே. ஒன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு. நான்தான் யாருமில்லன்னு சொல்லிட்டேன்."

அண்ணனின் கை அப்படியே நின்றது. அவன் ஓங்கி அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பக்கத்து அறையில் பாட்டு முடிந்து, அடுத்ததைத் தேடிப் பக்கம் புரட்டினார்கள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் காதருகே வாயை வைத்தான்.

"நான்தாம்ப்பா."

அப்படியே குனிந்திருந்தான். வெளியே வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.