தார்பாய்க்கு மேலே வீசிய காற்று

தமிழ்ச்செல்விக்கு வந்த ஆத்திரத்தில் அந்த போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பாள். அது புருஷன் ஆனந்தன் கையிலேயே இருந்ததால் பிழைத்தது.

செய்யூருக்குப் பக்கத்தில் அவர்கள் கொல்லையில், செடியிலிருந்து ஆய்ந்த மல்லாட்டை தார்பாய்க்குள் குவிந்து கிடந்தது. விற்கிற வேர்க்கடலையாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இது மார்கழியில் விதைக்க வைத்த விதைக்கடலை. நன்றாக முற்றியது, பிடுங்கிய ஈரம் வேறு. காயாமல் மூடிக் கிடந்தால் முளைத்துவிடும். முளைத்ததை வைத்துக்கொண்டு எதை விதைப்பது?

புயல் வருகிறது என்று ஆனந்தன்தான் மூடினான். வங்கக்கடலின் ஈரக்காற்றைக் குடித்துப் புயல் வலுக்கிறது, மாமல்லபுரம் பக்கம் கரையேறலாம் என்று போனில் ஒருவர் படம் காட்டிப் பேசினார். மூடியது சரிதான். அவளும் ஒரு முனையை இழுத்துக் கட்டினாள்.

மறுநாள் காலையில் காற்றே மாறிவிட்டது. கடல்பக்கத்துப் பிசுபிசுப்பு போய், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசியது. உதடு வெடித்தது. கொடியில் போட்ட ஈரப்புடவை, உலை கொதிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"த பாருய்யா, பொடவ காஞ்சிகீது. மல்லாட்ட காயாதா? தார்பாய அவுரு."

"இரு தமிழு. காஞ்ச காத்து வந்து புயலுக்குள்ள பூந்துகினு கீதாம். பூந்துச்சின்னா புயலு வத்திப் பூடுமாம். போன்ல இன்னும் உறுதியா சொல்லல."

"அந்தக் காத்துதான்யா இது. ஒன் மூஞ்சிலயே அடிக்குது."

"போன வருசமும் இப்டிதான் சொன்ன. ஒன் பேச்ச கேட்டுத் தொறந்து போட்டோம். மொத்தமும் மழையில போச்சி."

அவன் சொன்னது பொய்யில்லை. போன வருஷம் வெயிலைப் பார்த்து ஏமாந்தாள், காற்றில் ஈரம் இருந்ததை கவனிக்கவில்லை. இந்தத் தடவை கவனித்துத்தான் சொன்னாள். அதை இந்த மனுஷன் மண்டையில் எப்படி ஏற்றுவது?

பக்கத்துக் கொல்லைப் பூவாயி வேறு, தன் கடலையைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா தமிழு, ஒன் மல்லாட்டைக்குக் குளுருதா? போத்தி வச்சிகீற?"

பூவாயியின் கடலை அதற்குள் குலுக்கினால் கலகலவென்றது.

அதற்கும் மறுநாள் மத்தியானம் ஆனந்தன் சிரித்த முகமாக ஓடி வந்தான்.

"காஞ்ச காத்து புயல முழுங்கிடுச்சாம். ஒரு சொட்டுகூட வராதாம். வா, அவுக்கலாம்."

அவிழ்த்தார்கள். வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல் ஆவி அடித்தது. அவள் கையை விட்டு அள்ளினாள். உள்ளே ஒரே சூடு. ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை. அடியில் போகப் போக இன்னும் நீளம், நடுவில் பூஞ்சை வேறு. ஒரு சொட்டு மழை விழவில்லை.

ஆனந்தன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"நீ சொன்னப்பவே அவுத்திருக்கணும்" என்றான்.

இந்த வார்த்தைக்காகத்தான் நேற்றிலிருந்து அவனோடு மல்லுக்கட்டினாள். இப்போது கேட்டதும் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அவன்மேல் மட்டும் இல்லை. நல்ல காய்ந்த காற்று இன்னமும் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தார்பாயில் ஒரு முடிச்சு அவள் கையால் போட்டது. அதை அவிழ்க்க எதற்காக இவனைக் கேட்டுக்கொண்டு நின்றாள்?