நீலாவதி வெளியே வந்துவிட்டாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோப்பைத் தேநீரோடு இலவசமாகக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சுற்றுலாக்காரர்களுக்கான அதன் விற்பனைக் கூடத்தில் நின்ற பெண் என் கைபேசியைக் கேட்டு வாங்கி, அதற்குள் ஒரு பச்சை அட்டையை ஏற்றித் தந்தாள். தோட்டத்தின் பெயர், என் பெயர், மூலையில் ஒரு கொழுந்து.

"காகித கார்ட் எல்லாம் இப்ப இல்ல சார். அடுத்த தடவ இந்த மெஷின்கிட்ட போன காட்டுனா போதும், தொடக்கூட வேணாம். பத்து கப் குடிச்சா ஒன்னு ஃப்ரீ."

"இதெல்லாம் யாரும்மா செஞ்சு குடுத்தது?"

"புவனேஸ்னு ஒரு அக்கா. ரிங்லெட்ல போன் கடை வச்சிருக்காங்க. எங்க ஆளுங்களுக்கும் இதேதான் சார். பெரட்டுல போன காட்டிட்டுத்தான் மலை ஏறணும்."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பெயர் வாசிக்கும் சடங்கு. கங்காணி முன்னால் நிற்பார். மேலாளரான துரை, ஆள் சரிதானே என்று கேட்பார். தன் கும்பலுக்கு மொத்தமாகக் கங்காணியே பதில் சொல்வார்: "ஆள் சரி, துரை."

அந்த வாரம்தான் ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் தர்மேந்திரன் என்னைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டிருந்தார். "எஸ்டேட் கதைன்னு நீங்க அனுப்புனா ஒப்பாரிதான் வருது. போன் கீன் வச்சு, ஜாலியா ஒன்னு எழுதுங்க லா." எனக்கும் ஆசைதான். பச்சை அட்டையை வைத்துச் சிரிக்கச் சிரிக்க எழுதுவதாகத்தான் இருந்தேன். நம்புங்கள்.

2

முதல் தொடக்கம்: "மலை முகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக்"

(வேண்டாம். கேமரன்மலையில் பனி இறங்காமல் ஒரு கதையாவது தொடங்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பமானது"

(பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

மூன்றாம் தொடக்கம்: புவனேஸ் கெட்டவள் இல்லை.

இது இருக்கட்டும். நிஜப் புவனேஸை நான் பார்த்ததில்லை. பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன். என் புவனேஸ் முப்பதைத் தொடாதவள். உடைந்த திரை மாற்றுவதில் தொடங்கி, கடைகளுக்கு இப்படிக் கைபேசி அட்டை அமைத்துக் கொடுப்பதுவரை தானாகவே கற்றுக்கொண்டவள். விற்பனைக் கூடத்து அட்டை நன்றாக ஓடியதும், தோட்டத்தின் சின்ன துரை மகேன் அவளைக் கூப்பிட்டார்.

"புவனேஸ், இதையே நம்ம ஆளுங்களுக்கும் போட்டுடலாமா? யார் உள்ள இருக்கா, யார் வெளிய போயிட்டா, ஆபீஸ்லேந்தே பாக்கணும்."

"போடலாம் துரை. வருகைக்கு ஒன்னு, போறதுக்கு ஒன்னு. ஆள் உள்ள இருந்தா திரையில பேரு பச்சையா காட்டும். வெளிய போயிட்டா சாம்பல் கலரு."

அட்டையை வடிவமைத்தாள். அது போலியல்ல என்று கைபேசிக்குச் சொல்லும் சான்றிதழை வாங்கினாள். பெரட்டுக் கொட்டகையின் தூணில், அட்டையைப் படிக்கும் ரீடரைத் திருகினாள். கைபேசி இல்லாதவர்களுக்குத் தோட்டமே மலிவான ஒன்றைக் கொடுத்தது. வாட்ஸ்அப் புலனத்தில் வந்த இணைப்பை அழுத்தினால் அட்டை ஏறிவிடும். அதில் படம் வேண்டும் என்றதால், பெண்கள் பவுடர் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நீலாவதி பக்கத்து வீட்டுக்காரியின் கம்மலை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் படம்தான் அட்டைகளிலேயே அழகாக விழுந்தது.

* நீலாவதி யார்? கொழுந்து வெட்டுகிறவள். கணவன் ரெங்கசாமி கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறான், சனிக்கிழமைதான் வருவான். பிள்ளைகள் இல்லை. மற்ற நாள்களில் அவள் வீட்டில் அவளைத் தேட ஆள் கிடையாது. அப்படி ஒருத்தியாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

3

சரி, சிரிப்புக்கு வருவோம். இருந்த சிரிப்பு இவ்வளவுதான்.

முதல் வாரம் பெரட்டுக் கொட்டகையில் ஒரே கூத்து. தூறலில் நனைந்த விரலுக்குத் திரை திறக்கவில்லை. லோரிக்காரன் ஹாரனை அழுத்தியபடி இருந்தான். ஒருத்தி தன் கைபேசியைச் செடிக்குள் தவறவிட, வெட்டும் மெஷின் அதையும் சேர்த்து அரிந்து மூட்டைக்குள் தள்ளியது. அன்றுதான் கங்காணி வசுமதி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள்.

"எல்லாரும் போன இதுல போடுங்கடி. பெரட்டுல உங்களுக்கு நான்தானே பதில் சொல்றேன்? இதுக்கும் நானே சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து காலையில் டின்னைத் திறந்து ஒவ்வொரு கைபேசியாக ரீடரிடம் காட்டுவாள். மாலையிலும் அப்படியே. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் லோரி நின்றதும் அவரவர் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள். பார்வையிட வந்த புவனேஸ் இதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ரீடருக்குப் போன்தான் தெரியும், யார் கைன்னு தெரியாதுக்கா. பாத்து செய்ங்க."

"நான் என்ன வராத ஆளையா வந்ததா காட்டுறேன்?"

அதுவும் நியாயம்தான் என்று புவனேஸுக்குப் பட்டது. எல்லாக் கும்பலிலும் வசுமதியின் கும்பல்தான் பிசகில்லாமல் காட்டியது. மகேன் மற்ற கங்காணிகளிடம் அதை உதாரணமாகச் சொன்னார். புவனேஸும் அந்தத் திரையைப் படம் பிடித்து இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினாள்.

பிறகு வேறொரு கும்பலில் ஒருவன், குடித்துவிட்டு வீட்டில் கிடந்த சிநேகிதனின் கைபேசியைக் காட்டிப் பிடிபட்டான். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அடுத்தவர் அட்டையைக் காட்டுவது மோசடி என்று தூணில் ஒட்டினார்கள். வசுமதி அதை நின்று வாசித்தாள். வராத ஆளுக்குத்தானே இது என்று நினைத்துக்கொண்டு டின்னைத் திறந்தாள்.

(இங்கே வசுமதிக்கு ஒரு படுத்த படுக்கையான கணவனைக் கொடுத்திருந்தேன். வீடு போய்விடுமோ என்று அவள் பயப்படுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று. பிறகு அவனை எடுத்துவிட்டேன். தன் வீடு போய்விடும் என்று பயப்பட மனிதருக்குத் தன் வீடு ஒன்று போதும்.)

4

மழையை இனியும் தள்ளிப்போட முடியாது.

பிற்பகலில் பிடித்த மழை. வேலையை நிறுத்தச் சொன்னார்கள். லோரி கீழ்ச் சாலையில், பெரட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது. வசுமதி முன்னால் இறங்கிப்போய், ஆள்கள் வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துவிடலாமென்று எல்லாக் கைபேசிகளையும் ரீடரிடம் காட்டினாள். அலுவலகத் திரையில் பெயர்கள் சாம்பல் நிறமாயின. நீலாவதி வெளியே வந்துவிட்டாள்.

அவள் வரவில்லை. திரும்ப மேலே போயிருந்தாள். ஏன் போனாள்?

முதல் பிரதியில் சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டாள். இரண்டாம் பிரதியில் கூடப் பிறந்தவள் கொடுத்த சால்வையை. இரண்டும் பொய். மலையில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் கிடையாது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள். கீழே லோரிக்காரன் நிற்கிறான், லயம் போய்ச் சேர இன்னும் நேரமாகும். அதனால் உரக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். தர்மேந்திரன் இந்த வரியை வெட்டிவிடுவார். வெட்டினாலும் அவள் அதற்காகத்தான் போனாள்.

மற்றவர்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு லோரியில் ஏறினார்கள். முக்காட்டுக்குள் யார் யாரென்று தெரியவில்லை. யாரும் எண்ணவில்லை. லோரி போனது. அதன் பிறகு மலை சரிந்தது.

உரக் கொட்டகையின் தகரக் கூரை ஒருபக்கமாகச் சாய்ந்து மண்ணைத் தாங்கிக்கொண்டது. அதன் அடியில் நீலாவதி இருக்கிறாள். ஒரு கால் மாட்டியிருக்கிறது. மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. சத்தம் போடுகிறாள். மழையில் கேட்கவில்லை.

* ஏன் அவளை உடனே சாகவிடவில்லை என்று கேட்பீர்கள். செத்திருந்தால் வசுமதி வாயைத் திறப்பதும் திறக்காததும் ஒன்றுதான். கதை நிற்காது. கதை நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணை மண்ணுக்கடியில் உயிரோடு வைத்திருக்கிறேன். இதை இரக்கம் என்று யாராவது பாராட்டிக் கடிதம் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

5

லயத்து வாசலில் டின் திறந்தது. கைகள் நுழைந்து அவரவருடையதை எடுத்துக்கொண்டு ஓடின. அடியில் ஒன்று மிச்சமிருந்தது. வசுமதி எடுத்ததும் திரை விழித்தது. ரெங்கசாமியிடமிருந்து ஒரு செய்தி: "அங்கயும் மழையா?"

நீலாவதியின் வீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்தது.

"டவுனுக்குப் போயிருப்பாக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போன எடுக்காமலா?"

"மறந்திருப்பா. ஏன்க்கா, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

அப்போதுதான் மண் சரிந்த செய்தி லயத்துக்கு வந்தது. வசுமதி கைபேசியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு பெரட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். துரை, நீலாவதி உள்ள இருக்கா. நான்தான் எல்லார் போனையும் காட்டுனேன். துரை, நீலாவதி உள்ள இருக்கா.

கொட்டகையில் பொம்பாக்காரர்கள், அதாவது மீட்புப் படையினர், கயிறுகளோடு நின்றார்கள். அவர்களின் தலைவர் ஒரு மலாய்க்காரர், நரைத்த மீசை. மண் இன்னும் நகர்கிறது என்றார். உள்ளே ஆள் இருந்தால் இப்போதே ஏறுகிறோம், இல்லையென்றால் என் பையன்களை அனுப்பமாட்டேன் என்றார். நல்ல மனிதர். இதில் அவரைக் குறைசொல்ல எதுவுமில்லை.

மகேன் திரையைக் காட்டினார். உள்ளே யாருமில்லை. இருந்தாலும் புவனேஸைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"புவனேஸ், சிஸ்டம் சரியா வேலை செய்யுதா? மண்ணு சரிஞ்சிருச்சு. திரையில எல்லாரும் வெளியன்னு காட்டுது. நம்பலாமா?"

கடையில் புவனேஸ் தன் கணினியைப் பார்த்தாள். ரீடர் உயிரோடு இருந்தது. எல்லா அட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகியிருந்தன. டின் அவள் நினைவுக்கு வந்ததா? இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம். வந்தது என்று ஒரு பிரதியில் எழுதினேன், வரவில்லை என்று மற்றொன்றில். இரண்டிலும் அவள் சொன்ன பதில் மாறவில்லை.

"சிஸ்டம் சரி துரை. ஒரு கோளாறும் இல்ல."

6

இப்போது முடிவு.

(அ) வசுமதியின் பைக்குள் நீலாவதியின் கைபேசி ஒலிக்கிறது. ரெங்கசாமி கூப்பிடுகிறான். மகேன் திரும்பிப் பார்க்கிறார். குட்டு வெளிப்பட்டு, பொம்பாக்காரர்கள் ஏறி

(அடித்துவிட்டேன். என் கையில் இருக்கும் மிகச் சுலபமான முடிவு இதுதான். ஆனால் இன்னும் நகர்ந்த மண்ணில் அந்தப் பக்கத்துக் கைபேசிக் கோபுரமும் விழுந்துவிட்டது. புவனேஸோடு பேசி முடித்த கையோடு தொடர்பு போனது. நான்தான் விழச் செய்தேன்.)

(ஆ) புவனேஸ் மோட்டாரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, "துரை, அந்த டின்" என்று மூச்சிரைக்க

(படித்த பெண் வந்து காப்பாற்றும் கதையைத் தர்மேந்திரன் உடனே போட்டுவிடுவார். பொம்பாக்காரர்கள் வந்தபின் சாலையையும் மண் மூடிவிட்டது. அவளால் வர முடியாது.)

(இ) வசுமதி சொல்லிவிடுகிறாள். நீலாவதியை எடுக்கிறார்கள். வசுமதிக்கு வேலை போகிறது, அவளுடைய கும்பலுக்கே போகிறது. நீலாவதிக்கும்தான், அவள் அட்டையும் அந்த டின்னில்தானே இருந்தது. இதை எழுதினால் நீங்கள் நிறைவாகத் தூங்குவீர்கள்.

(ஈ) சொல்லவில்லை. இதை எழுதினால் நீங்கள் வருத்தமாகத் தூங்குவீர்கள். ஆனால் தூங்கிவிடுவீர்கள்.

ஆகவே நான் இதை முடிக்கப்போவதில்லை. நடந்தவரை சொல்கிறேன், அவ்வளவே.

மீட்புப் படைத் தலைவர் புறப்படுமுன் கடைசியாக ஒருமுறை உறுதிசெய்துகொள்ள விரும்பினார். மகேன் வசுமதியின் பக்கம் திரும்பினார். அவள் நனைந்து, ஸ்வெட்டர் பையைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தத் தூணின் கீழே நிற்கிறாள். அவர் தினமும் காலையில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"என்ன கங்காணி, ஆள் சரிதானே?"

அவள் வாய் திறந்திருக்கிறது. இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அந்த வாய் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு அவள் யோசிக்கக்கூடத் தேவையில்லை.

அவள் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். வீடும் உங்களுடையது, பையிலிருக்கும் கைபேசியும் உங்களுடையது. நீங்கள் உண்மையை உடனே சொல்லிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். வசுமதியும் சொல்லிவிடத்தான் ஓடிவந்தாள்.

பொம்பாக்காரர் ஒருவர் கயிற்றைச் சுற்றத் தொடங்கிவிட்டார். மகேன் பதிலுக்காக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.