பலகைக்குள் சிப்பி

அத்தையால் தரையில் உட்கார முடியாது. கிணற்றடியில் விழுந்து முறிந்த இடுப்பு எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. நிற்பார், மெதுவாக நடப்பார். குனியவோ சம்மணம் போடவோ இயலாது. விழுந்த பிறகு ஒரு வருஷம் சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்களாம். அத்தை முன்னறைக் கட்டிலில் கிடந்து, அடுக்களையிலிருந்து வரும் வாசனையை வைத்தே குற்றம் கண்டுபிடித்தாராம். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தி, பேச்சையே விட்டுவிட்டாராம். பயந்துபோன மாமா, கடற்கரையில் உடைத்த தோணி ஒன்றிலிருந்து நீளமான அயினி மரப் பலகை ஒன்றை வாங்கி வந்தார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் தூண் எழுப்பி, அடுக்களைச் சுவரோரம் அதைப் போட்டார். எங்கள் தெருவில் நின்றுகொண்டு சமைக்கிற ஒரே பெண் அற்புதமணி அத்தைதான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். சென்னையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். பேச்சு மட்டும் வரவில்லை. அத்தை ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன். மாமா கேட்டால் அதுவும் கிடையாது.

பலகையைத் துடைப்பதில்தான் எனக்கும் அத்தைக்கும் பழக்கம் ஏற்பட்டது. மீன் அறுத்து முடிந்ததும் அத்தை கல்லுப்பைத் தூவுவார். நான் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத் தேய்ப்பேன். பிறகு தேங்காய் நார். ஒரு செம்புத் தண்ணீர், அதற்கு மேல் கூடாது. உடனே துணி. சனிக்கிழமைகளில், பலகை நன்றாக உலர்ந்த பின், தேங்காயெண்ணெய். அத்தை ஒரு முனையிலிருந்தும் நான் மறுமுனையிலிருந்தும் உள்ளங்கையால் தேய்த்து வந்து நடுவில் சந்திப்போம். பேச வேண்டிய தேவை இருக்காது.

ஐப்பசி மழையில் சுவரை ஒட்டிய முனையில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. அப்போது என் கணவரின் அக்கா ஜெபகனி மைனி சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். அவர் அடுக்களை வாசலில் நின்று அத்தையிடம் பேசிக்கொண்டிருக்க, நான் பூசணத்தைச் சுரண்டி, உப்புப் போட்டு, பழத்தை அழுத்தித் தேய்த்தேன். எப்போதோ வைத்த குங்கிலியப் பிசின் அடைப்பு ஒன்று பெயர்ந்து வந்தது. அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் பக்கத்தில் இன்னொன்று. சாறு உள்ளே இறங்கியது. துளையிலிருந்து மெல்லிய சத்தத்தோடு நுரை கிளம்பியது.

மைனி பார்த்துவிட்டார்.

“எம்மா! இங்கன வந்து பாரு. பலகை பூரா செல்லரிச்சுக் கெடக்கு. உள்ள உசுரோட இருக்கு, நுரை தள்ளுது!”

“செல்லாவது ஒண்ணாவது,” என்று அத்தை வந்தார். பார்த்தார். அவர் கை பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு மாமாவும் என் கணவரும் வந்தார்கள். மாமாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். கொழும்புக்குத் தோணி கிடைக்கும்வரை சரக்கு எங்கள் அடுக்களைக்கு மேலுள்ள மச்சில்தான் இருக்கும். மாமா துளையை ஒரு முறை பார்த்துவிட்டு, அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

“இது செல்லு இல்ல, உளு. தோணியத் திங்குத உளு. ஒரு பலகைல இருந்து மறு பலகைக்குப் போவும். உத்தரத்துல ஏறிச்சுன்னா மச்சும் போச்சு, சரக்கும் போச்சு.”

“தூக்கிக் கொளுத்திருங்கப்பா,” என்றார் மைனி. “அம்மைய நான் கூட்டிட்டுப் போறேன். வேளாவேளைக்குக் கட்டில்ல இருந்து சாப்பிடட்டும். எத்தன நாளைக்குத்தான் நின்னுக்கிட்டே கெடப்பா?”

“நின்னுக்கிட்டு எப்பிடிளா கெடக்க முடியும்?” என்றார் அத்தை. உப்புச் சிரட்டையை எடுத்து மூடி வைத்தார்.

“வேற பலகை போடலாம்லப்பா?” என்று என் கணவர் கேட்டார்.

“மரம் எங்கல கெடைக்கு? யுத்தத்துக்குப் போன மரம் இன்னும் திரும்பல. போய் தாணுலிங்க ஆசாரியக் கூட்டிட்டு வா. பேத்து எடுத்துருவோம்.”

எல்லோரும் முன்னறைக்குப் போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

கைக்கண்ணாடியை எடுத்து, சன்னல் வெளிச்சத்தைத் துளைக்குள் திருப்பினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. வெறும் மரம் தெரியவே இல்லை. பீங்கான் பூசிய குழாய் போல வழவழப்பாக உள்ளே போய், ஓர் இடத்தில் வளைந்து மறைந்தது. செல் இருந்த இடத்தில் மண் இருக்கும். இங்கே ஒரு துகள் மண் இல்லை. கொண்டை ஊசியை நீட்டி அந்த வளைவில் மெதுவாகக் கிளறினேன். இரண்டு ஓடுகள் உருண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தன. பயறு அளவுதான். சொல்லுக்கு அடங்காத அழகு. விளிம்பில் அரம் போல வரிவரியாகப் பல்.

கல்லூரிப் புத்தகத்தில் இதற்கு ஒரு சின்னப் படமும் அடியில் இரண்டு வரிகளும் உண்டு. பரீட்சையில் வராது என்று தாண்டிப் போனது. கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறவி சிப்பி. கடலில் மிதந்து வரும் குஞ்சு குண்டூசி முனை அளவில் மரத்தில் ஒட்டும். அந்த அளவுக்கே வாசல் போட்டு உள்ளே போகும். பிறகு வளரும். தலையில் உள்ள இந்த இரண்டு ஓடுகளால் மரத்தை அரம்போல் அராவிக்கொண்டே போகும். வந்த வாசல் வழியே திரும்ப முடியாது. போகிற வழியெல்லாம் தன் உடம்பிலிருந்தே சுண்ணாம்பு எடுத்துச் சுவர் பூசும். பலகையைச் சீவியபோது அந்தக் குழாய் திறந்துகொண்டதால்தான் துளை இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

இதன் மேல்தான் இத்தனை மாதம் வெங்காயம் அரிந்திருக்கிறேன்.

ஆசாரி கடப்பாரையும் கருவிப் பையுமாக வந்து சேர்ந்தார்; மற்றவர்களும் கூடவே அடுக்களைக்குள் வந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

“மாமா.”

மாமா திடுக்கிட்டார். நான் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை.

“இது செத்து ரொம்ப நாளாச்சு.”

“என்ன சொல்லுதா? காதுல விழலியே,” என்றார் மைனி.

கிணற்றடியில் சோப்பு வைக்கிற பழைய முத்துச்சிப்பியை எடுத்து வந்தேன். அதன் முதுகைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூள்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். நுரைத்தது. அதே மெல்லிய சத்தம். பலகைத் துளையிலும் சில சொட்டு விட்டேன். இரண்டும் ஒன்றுபோல நுரைத்தன.

“உசுரு இல்ல மாமா, சுண்ணாம்பு. இதுவும் சிப்பிதான். கடல் தண்ணி இல்லன்னா பொழைக்காது. தோணி கரையேறுனப்பவே செத்திருக்கும். உத்தரத்துக்குப் போவாது.” ஓடுகளை அவர் கையில் வைத்தேன்.

மாமா அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். “முத்துச்சிப்பிக்குச் சொந்தமா?”

“தூரத்துச் சொந்தம்.”

“அப்போ முத்து உண்டுமா?” என்றார் மைனி.

“இல்ல மைனி.”

“பொறவு என்ன சிப்பி!”

மாமா சிரிக்கவில்லை. “செத்தது சரி. உள்ள பூரா பொள்ளையும் தொளையுமா இருந்தா? கொதிக்குத சட்டியோட முறிஞ்சு இவ கால்ல விழும்லா?”

குழாய் எவ்வளவு தூரம் போகிறது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அத்தை என்னைப் பார்த்தார். பிறகு ஆசாரியைப் பார்த்தார்.

“இந்த முனையில ஒரு முழம் அறுத்துப் பாரும். அதுக்கு அங்கிட்டும் பொள்ளைன்னா எடுத்துட்டுப் போயிரும்.”

அதைச் சொல்லும்போது அத்தையின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வாள் இறங்கியது. முதலில் ஏதோ ஒரு குழாயின் நுனியிலிருந்து கொஞ்சம் வெள்ளைத் தூள் விழுந்தது. பிறகு வெறும் மரத்தின் பழுப்புத் தூள். பழுப்பாகவே விழுந்துகொண்டிருந்தது. ஒரு முழத் துண்டு கீழே விழுந்ததும் ஆசாரி மீதிப் பலகையின் அறுத்த முகத்தைத் தடவினார், சுத்தியால் தட்டினார்.

“கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. இதுல ஆனையக் கட்டலாம்.”

அத்தை இரண்டு கைகளையும் பலகைமேல் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து நின்றார். பலகை அசையவில்லை.

விழுந்த துண்டை ஆசாரி சும்மா உளி வைத்துப் பிளந்தார். மரத்துக்குள் வெள்ளைக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து, ஒதுங்கி, மேலேறி, இறங்கி ஓடின. எங்கேயும் ஒன்று இன்னொன்றை உடைக்கவில்லை. நெருங்கி வந்த இடங்களில் நடுவே காகிதம் போல மரத்தை விட்டுவிட்டு, இரண்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தன.

“இதுக்குக் கண்ணு உண்டுமா?” என்று ஆசாரி என்னைக் கேட்டார்.

“கெடையாது.”

“பொறவு எப்பிடித் தெரிஞ்சுது?”

“எனக்குத் தெரியாது,” என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

அத்தையால் குனிய முடியாது. மாமா துண்டைத் தூக்கி அவர் முன்னால் பிடித்தார். அத்தை ஒரு குழாயின் மேல் விரலை வைத்து, அது போன வழியெல்லாம் போனார்.

“இருட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, அடுத்த வீட்டுச் சுவர இடிக்காம வாழ்ந்திருக்கு பாருளா.”

மைனி அந்தத் துண்டைப் பழம்புடவையில் சுற்றிச் சாத்தான்குளத்துக்கு எடுத்துப் போனார். அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம். முத்து இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாராம்.

அந்தச் சனிக்கிழமை அறுத்த முகம் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. பூசப் பூச உள்ளே போனது. பலகை ஒரு முழம் குறைந்துவிட்டதால் நாங்கள் பழைய நடுவுக்கு வருமுன்பே முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொண்டன.

“தள்ளி நில்லேன்ளா,” என்றார் அத்தை.

தள்ளி நிற்க இடம் இல்லை. அவரும் நகரவில்லை. அப்படியே நின்று மீதியையும் தேய்த்தோம்.