படுக்கைக்கு வந்த வாக்குப்பெட்டி

இபோயா அப்பாவின் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது வாக்குப்பெட்டி உள்ளே வந்தது. பள்ளிச் சமையலறையில் அவளுக்கு மேலாளும் மேயரின் கட்சிக்காரியுமான பிரோஷ்கா அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். கூடவே, தம்பி ஆகோஷின் கட்சி அனுப்பிய ஒரு கண்ணாடிக்காரர்.

"என்ன வெந்தெல் அண்ணே, நடந்து வந்து போடக்கூடாதா? எங்களை இந்தச் சேத்துல அலைய விடுறீங்களே!" என்றாள் பிரோஷ்கா.

"அடுத்த தேர்தலுக்கு ஓடியே வர்றேன்," என்றார் அப்பா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஆகோஷ் புடாபெஸ்டில் சட்டம் படித்தவன். ஊர் மேய்ச்சல் நிலத்தை மேயர் தன் மைத்துனனுக்குக் கொடுத்ததை எதிர்த்து வழக்காடி ஜெயித்தான். தொலைக்காட்சியில் முகம் வந்தது. எதிர்க்கட்சி அவனை இந்தத் தொகுதிக்கே வேட்பாளராக்கியது. அந்தக் குளிர்காலத்தில், வசதியில்லாதவர்களுக்கு ஊர் நிர்வாகம் தரும் விறகு இவர்கள் வீட்டில் மட்டும் இறங்கவில்லை. டிராக்டர் வாசலில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனது.

கேள்விப்பட்டு ஆகோஷ் வந்தான். காலி விறகுக் கொட்டகையின் முன்னால் அப்பாவை நிறுத்திப் படம் எடுத்தான். "குல்லாவைக் கழட்டுங்கப்பா, முகம் தெரியணும்," என்றான். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தான். அந்தப் படத்தை நாடே பார்த்துக் கொதித்தது. விறகை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அவனும்தான். பனி உருகுவதற்குள் அப்பாவின் நெஞ்சில் சளி கட்டிவிட்டது.

வாக்குச் சீட்டை வாங்கிய அப்பா கண்ணைச் சுருக்கினார். "கண்ணு மங்குதும்மா. நம்ம பையன் பேரு எங்க இருக்கு?"

"மகள் உதவலாம், சட்டத்துல இடமிருக்கு," என்ற கண்ணாடிக்காரர், நாகரிகம் கருதிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிரோஷ்கா திரும்பவில்லை.

மேயர் கட்சி வேட்பாளரின் பெயர் முதலாவதாகவும் ஆகோஷின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன. இபோயா அப்பாவின் கையைப் பேனாவோடு பிடித்து, முதல் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தில் வைத்தாள்.

"இதுவா?"

"இதுதாம்பா."

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தார். பேனா கசிந்து கட்டைவிரல் நீலமானது. "சின்ன வயசுல சீட்டாட்டத்துல தோத்தாக்கூட சாப்பிடமாட்டான் பய," என்று சிரித்தார்.

"அழகா போட்டீங்கண்ணே," என்றாள் பிரோஷ்கா, இபோயாவைப் பார்த்துக்கொண்டே.

மதியம் அப்பாவின் மூச்சு நின்றது. ஊர் வழக்கப்படி இபோயா முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினாள். உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவைத்தாள். அப்பாவின் விரலில் இருந்த மையைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஆகோஷ் வந்து கட்டிலருகே மண்டியிட்டு அழுதான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"வாக்குப் போட்டாராக்கா?"

"போட்டாரு."

"எனக்கா?"

"உன் பேரைக் கேட்டுத்தான் போட்டாரு."

அவன் அந்த நீல விரலை முத்தமிட்டான். "ராத்திரி வாக்கு எண்ணுற நேரத்துல கட்சிக் கூட்டத்துல பேசும்போது இதைச் சொல்லலாமா? கடைசியா செஞ்ச காரியம் மகனுக்கு வாக்குப் போட்டதுன்னு?"

"சொல்லிக்கோ."

சொன்னான். கூட்டம் அழுதது. ஆனால் ஆயிரக்கணக்கான வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனான்.

அடக்கம் முடிந்து இருவரும் வீடு திரும்பியபோது வாசலில் விறகு மலையாகக் குவிந்து கிடந்தது. பிளந்து காய்ந்த அகேசியா விறகு. டிராக்டரின் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"யாரு கொண்டுவந்து போட்டதுக்கா?" ஆகோஷின் கண் கலங்கியது. "பாத்தியா, பயந்து பயந்தாவது ஊர் நம்ம பக்கம்தான் நிக்குது."

இபோயா டிராக்டர் தடத்தின் மேல் நின்று ஒரு கட்டையை எடுத்தாள். "மழை வர்றதுக்குள்ள அடுக்கணும். கை கொடு," என்றாள்.

அவன் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தான். காற்று கூர்மையாக அடித்தது. ஆணியில் தொங்கிய அப்பாவின் குல்லாவை எடுத்துக் காது மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த கட்டைக்குக் குனிந்தான்.