வாணம் சுப்பிரமணியமும் ஹங்கேரித் துரையும்

சிராங்கூன் சாலையில் சுப்பிரமணியம் என்று விசாரித்தால் எந்தச் சுப்பிரமணியம் என்பார்கள். வாணம் சுப்பிரமணியம் என்று கேட்டால் வெற்றிலைக் கடைக்காரர் முதல் தட்டார் வரை ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அந்த முரட்டு ஆசாமி பந்தை உதைத்தால் அது வாணம் போல ஏறும். மேலே போய்க் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். ஒரு தடவை கோயில் மண்டபத்துக் கல்யாணப் பந்தியில், நேராகச் சாம்பார் வாளிக்குள் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கோபிப்பார்கள் என்று பார்த்தால், அவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா வட்டாரத்து வாலிபர் சங்கத்தின் காற்பந்துக் குழு விளையாடுகிறது என்றால் கூட்டம் வருவது அந்த உதைக்காகத்தான். குழு எப்போதாவது ஜெயித்ததா என்று யாருக்கும் நினைவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரு நாள் சாயங்காலம் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த திடலில் குழு ஆடிக்கொண்டிருந்தது. சுப்பிரமணியம் வழக்கம் போல ஒரு வாணம் விட்டான். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கோட்டும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் இடது காலை இழுத்து இழுத்துத் திடலுக்குள் ஓடி வந்தார். இறங்கிய பந்தைக் கையால் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார், ஏதோ தண்டவாளத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றியவர் போல. பிறகு சுப்பிரமணியத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாரு பாய்?" என்று சுப்பிரமணியம் கேட்டான்.

குழுத் தலைவன் நூருல் அமீன் கப்பல்களுக்கு இறைச்சியும் காய்கறியும் கொடுக்கிற வியாபாரி. நாலு தேசத்து மாலுமிகளோடு பேரம் பேசிப் பழகியவன். அவனே நெற்றியைச் சுருக்கினான்.

"இங்கிலீஷு மாதிரி ஆரம்பிக்குது மணியம், வேற எங்கேயோ போய் முடியுது. இரு. பந்து பறவை இல்லையாம். அதுக்குத் தரையிலதான் சோலியாம்."

"யாரு இவரு?"

"ஹங்கேரிக்காரராம். பேரு இம்ரே. பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கிறதுதான் தொழிலாம். பத்தாவியா பட்டணத்துல ஒரு கிளப்புக்குப் போற வழியில கப்பல் இங்க கரி ஏத்த நின்னிருக்கு. காலாற நடக்க வந்தவரு பந்துச் சத்தம் கேட்டு வந்துட்டாராம்."

அதற்குள் இம்ரே பந்தைக் கீழே வைத்து, நூருல் அமீனை ஒரு பக்கம், கோல் கீப்பரை ஒரு பக்கம் தள்ளி நிறுத்தி, பந்தை உருட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார். தூரத்தில் கப்பலின் ஊதல் கேட்டது. நூருல் அமீன் துறைமுகத்தின் பக்கம் கை காட்டினான். இம்ரே ஐந்து விரலை விரித்துக் காட்டினார், ஐந்து நிமிஷம் என்று. மறுபடி ஊதியது. மறுபடி ஐந்து விரல். மூன்றாவது ஊதலுக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோருமாக அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் பகாருக்குப் பறந்து சேர்ந்தபோது கப்பல் போயே போய்விட்டது. அவருடைய பெட்டியும் அதோடு போய்விட்டது. பத்தாவியாவுக்கு அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து என்றார்கள். சுப்பிரமணியத்துக்குப் பாவமாக இருந்தது. இம்ரேயோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"மூணு வாரம் போதுமாம்," என்றான் நூருல் அமீன்.

"எதுக்குப் போதுமாம்?"

"நமக்கு லா."

மாடியில் ஓர் அறை கொடுத்து நூருல் அமீன் அவரை வைத்துக்கொண்டான். மாற்றுத்துணி இல்லாததால் தன் கைலியையும் கொடுத்தான். மறுநாளிலிருந்து வெள்ளைக் கோட்டு, வைக்கோல் தொப்பி, இடுப்பில் கட்டம் போட்ட கைலி என்று ஹங்கேரித் துரை சிராங்கூன் சாலையில் நடந்தார். கடைக்காரர்கள் கல்லாவை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

சாப்பாடு பெரும்பாலும் சுப்பிரமணியம் வீட்டில். முதல் நாள் அவன் மனைவி பூவம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். துரைக்கென்று காரம் குறைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. முதல் கவளத்திலேயே அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, தண்ணி குடுங்க! வெள்ளைக்காரரைக் கொன்னுட்டேன்னு என்னைப் பிடிச்சிட்டுப் போகப் போறாங்க!" என்று பூவம்மா பதறினாள்.

இம்ரே தண்ணீரை விலக்கிவிட்டு, குழம்பின் சிவப்பைக் காட்டி அது என்ன என்று சைகையால் கேட்டார். அவள் மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் அதைத் திறந்து மோந்தார். "பப்ரிகா!" என்று கூவி எழுந்து, டப்பாவை மார்பில் அணைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய ஊரில் மிளகாய் இல்லாமல் அடுப்பே எரியாதாம். ஊரை விட்டு வந்த பிறகு நாக்குக்கு இப்படி ஒரு சுகம் கிடைத்ததே இல்லையாம். பூவம்மா வெட்கமும் பெருமையுமாக இன்னும் இரண்டு துண்டு மீனை இலையில் போட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். நூருல் அமீன் தமிழாக்கினான். புடாபெஸ்டில் இடது ஓரத்தில் ஆடியவர், முயல் போல ஓடுவாராம். ஒருநாள் முழங்கால் உடைந்தது. அன்றைக்கு நின்றது ஆட்டம், தொடங்கியது பயணம். வியன்னா, தூரின், இஸ்தான்புல், அலெக்சாந்திரியா. போன இடமெல்லாம் வேலை கொடுத்தார்கள், போன இடமெல்லாம் வேலையை விட்டு நீக்கினார்கள்.

"ஏனாம்?" என்றாள் பூவம்மா.

"அவரு புதுசா சொல்லிக் கொடுக்கிறப்போ முதல்ல எல்லாரும் தோப்பாங்களாம். கிளப்புக்காரங்க கோவப்பட்டு அனுப்பிடுவாங்களாம். அவரு கப்பல் ஏறின அடுத்த மாசம் ஜெயிக்க ஆரம்பிப்பாங்களாம்."

இதைச் சொல்லிவிட்டு இம்ரேயே தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சொந்த ஊருக்குப் போய் இருக்கலாமில்ல?"

நூருல் அமீன் கேட்டுச் சொன்னான். "பிறந்த ஊரு இப்ப ருமேனியாவுல இருக்காம்."

"வீடு மாறிட்டாங்களா?"

"இல்ல தங்கச்சி. வீடு அங்கேயேதான் இருக்கு. சண்டைக்கப்புறம் நாடுதான் மாறிடுச்சு."

பூவம்மா சோற்றுப் பானையைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அப்ப அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க," என்றாள்.

திடலில்தான் சிக்கல். இம்ரே முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார். பந்து அதற்குக் கீழேதான் போக வேண்டும். மூன்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு நாள் முழுக்க அவற்றையே கத்தினார்: "கீழ்ழே! குடு! ஓடு!" ஆட்களை ஜோடி ஜோடியாகக் கைகோக்க வைத்து, வாயாலேயே பாட்டுப் போட்டு ஆடவும் விட்டார். பால்காரர்கள் கறவையை மறந்து சிரித்தார்கள். கனத்த மீசை வைத்த கோல் கீப்பர் வெட்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடினார். ஆனால் நாலு நாளில் எல்லோருடைய காலும் லேசாகிப் போயிருந்தது.

சுப்பிரமணியத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வாணத்தைப் பிடுங்கிவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம்? ஒரு மாலை வேண்டுமென்றே பந்தை வானத்துக்கு அனுப்பினான். இம்ரே திட்டவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவது போலப் படுத்துவிட்டார். பந்து இறங்கி, பக்கத்துச் சாக்கடையில் விழுந்து, எடுத்துக் கழுவி வரும் வரை எழுந்திருக்கவே இல்லை.

"அது வர்ற வரைக்கும் நம்ம பத்துப் பேருக்கும் லீவுங்கிறாரு," என்றான் நூருல் அமீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுப்பிரமணியத்துக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் வரல பாய். நீங்களே டான்ஸ் ஆடிக்குங்க," என்று கிளம்பினான்.

இம்ரே நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். பந்தை அவன் காலுக்கு உருட்டினார். கோபத்தோடு திருப்பித் தட்டினான். மறுபடி உருட்டினார், இரண்டடி முன்னால். அவன் நடந்து போய்த் தட்டினான். அது நாலடி முன்னால் வந்தது. ஓட வேண்டியதாயிற்று. திடலின் ஓரத்தில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு எருமையின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர். பந்து அதன் வயிற்றுக்குக் கீழே போய் வந்தது. அடுத்த எருமைக்கு முன்னால், அதற்கடுத்ததற்குப் பின்னால் என்று போய்க்கொண்டே இருந்தது. அவன் தட்டுவதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார். அவர் தட்டுவதற்கு முன்பே தன் கால் ஓடத் தொடங்குவதை அவன் உணர்ந்தான். மந்தை முழுவதையும் கடந்து வேலி வரைக்கும் போனபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. சுப்பிரமணியம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"துரை, இன்னொரு தடவை!" என்றான்.

அதற்குள் கடைசி எருமை கைலியின் கட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டது. இன்னொரு தடவை ஓடினார்கள்தான், ஆனால் அது வேறு மாதிரி ஓட்டம்.

இம்ரேயின் கப்பலுக்கு முந்தின நாள் பந்தயம். எதிரே ஒரு ரப்பர் கம்பெனியின் வெள்ளைக்கார கிளார்க்குகள். போன தடவை பதினோரு கோல் போட்டுவிட்டு, பாதியில் சலித்துப்போய்த் தேநீர் குடிக்கப் போனவர்கள். தேக்கா முழுவதும் திடலில் இருந்தது. பூவம்மா முதல் முறையாக வந்து பால்காரப் பெண்களோடு நின்றாள்.

தொடக்கத்திலேயே சுப்பிரமணியத்திடம் பந்து வந்தது.

"வாணம்! வாணம்!" என்று கூட்டம் கூவியது.

ஓரத்தில் கோட்டும் கைலியுமாக நின்ற இம்ரே வாயைத் திறக்கவில்லை. சுப்பிரமணியத்தின் கால் பழைய பழக்கத்தில் பின்னால் போனது. போன கால் அப்படியே மெல்ல இறங்கி, பந்தை நூருல் அமீனுக்கு உருட்டியது. கூட்டம் "சே!" என்றது. யாரோ ஊளையிட்டார்கள். நூருல் அமீன் திருப்பிக் கொடுத்தான். சுப்பிரமணியம் ஓரத்துக்குத் தட்டினான், ஓடினான், வாங்கினான், கொடுத்தான். கிளார்க்குகள் பந்தைத் தேடி இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் இருந்தது. ஊளை நின்றது. அமைதியில் பந்து புல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒரு பால்காரர் தன்னை மறந்து, "கீழ்ழே! குடு! ஓடு!" என்று இம்ரேயின் குரலிலேயே கத்தினார். கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கோல் விழுந்தபோது ஜனங்கள் திடலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். அவர்களை வெளியேற்றி முடித்ததும், "அதே மாதிரி இன்னொண்ணு!" என்று நாடகக் கொட்டகையில் கேட்பது போலக் கேட்டார்கள்.

கடைசியில் மூன்றுக்கு மூன்று. ஜெயிக்கவில்லை. ஆனால் சிராங்கூன் சாலையில் அன்று மாலை மாட்டு வண்டிகூட நகர முடியவில்லை. இம்ரேயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு கையால் தொப்பியையும் இன்னொரு கையால் கைலியையும் பிடித்துக்கொண்டு, யாருக்கும் புரியாத ஒரு பாட்டை உரக்கப் பாடினார்.

வீட்டுக்கு நடக்கையில் பூவம்மா கணவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பார்க்குற?"

"நீங்க வாணம் விட்டா எல்லாரும் ஆகாசத்தைப் பார்ப்பாங்கன்னு சொல்வீங்கல்ல. இன்னைக்கு எல்லாரும் உங்களைப் பார்த்தாங்க. ஏங்க, ஓடுறப்போ நீங்க சிரிச்சிக்கிட்டே ஓடுறீங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

மறுநாள் காலை குழு முழுவதும் தஞ்சோங் பகாருக்கு வந்திருந்தது. பூவம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் பெரிய டின்னில் அடைத்துக் கொடுத்தாள். இம்ரே அவள் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தார். அவள் ஐயோ என்று பின்வாங்கி, பிறகு சிரித்துவிட்டாள். ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டார். சுப்பிரமணியத்தின் முன்னால் வந்ததும் நின்றார். தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டி, பிறகு அவன் காலைத் தொட்டுக் காட்டினார். அவர் கால் விட்ட ஓட்டத்தை இனித் தன் கால் ஓட வேண்டும் என்கிறார் என்று சுப்பிரமணியத்துக்குப் புரிந்தது.

"அடுத்த மாசம் நாங்க ஜெயிப்போம்னு சொல்லுங்க பாய்," என்றான்.

நூருல் அமீன் சொன்னான். இம்ரே சிரித்துக்கொண்டே படியேறினார்.

கப்பல் நகர்ந்தபோது எல்லோரும் கை ஆட்டினார்கள். அவர் ஆட்டவில்லை. மேல்தளத்தில் இரண்டு மாலுமிகள் சுருட்டிய சாக்கு ஒன்றை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் ஓடுவது கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்தது.