வெறும் கரண்டி

சின்ன வெங்காயம் சிவந்து வருவதற்குள் தமிழ்மொழி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். மணி ஆறே முக்கால். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் காலை முதல் நின்றிருந்த கால்கள், இப்போது அடுப்பின் முன்னும் நிற்க வேண்டியிருந்தது. வடக்கனந்தலில் பேருந்தை விட்டு இறங்கியபோது மீன்காரரின் மொபெட் நின்றிருந்தது. கடலூர்ப் பக்கத்து இறால் புதன்கிழமைகளில் மட்டுமே வரும். அரைக் கிலோ வாங்கி வந்து, புடவையைக்கூட மாற்றாமல் உரித்து, குடல் நீக்கி, மஞ்சள் தூள் பிசிறி வைத்திருந்தாள்.

சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாமனார் சுப்புராயன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இறால் செய்யச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டவர் அவர்தான்.

"இன்னிக்கு ஒரு நாளு உப்பு போடு தமிழு."

"டாக்டர் இன்னா சொன்னாரு மாமா?"

"அவரு கடைக்காரரா இன்னா, அளந்து குடுக்கறதுக்கு? எட்டு மாசமா நாக்கு செத்துக் கெடக்குது."

சிறுநீரகம் பழுதுபட்ட நாளிலிருந்து அவருக்கு உப்பு இல்லை, தக்காளி இல்லை, தண்ணீருக்கும் அளவு. ஒருமுறை பக்கத்து வீட்டில் ஊறுகாய் வாங்கித் தின்றுவிட்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறி, நான்கு நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது நைனார்பாளையத்திலிருந்து வந்த அவருடைய மகள் ராஜாம்பாள், வார்டில் எல்லோரும் கேட்கும்படி தமிழ்மொழியிடம், "எங்கப்பன நம்பி வுட்டுட்டுப் போனா இப்டிதான் பாத்துக்குவியா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு உப்பு ஜாடி மேல்தட்டுக்கு ஏறியது. தினமும் காலையில் ராஜாம்பாளின் தொலைபேசி வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "உப்பு போடலியே?" என்பாள்.

தமிழ்மொழி பூண்டைத் தட்டிப் போட்டாள். சோம்பும் கறிவேப்பிலையும் பொரிந்தன. மிளகாய்த் தூளை இரண்டு கரண்டியாகப் போட்டாள். காரமாவது அவருக்குக் கிடைக்கட்டும்.

"போட்டியா?"

"இருங்க மாமா. இன்னும் எறாவே போடல."

"நான் இங்கதான் உக்காந்துகினு கீறன். பாத்துகினுதான் இருப்பேன்."

அவருடைய சிரிப்பில் கெஞ்சல் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது, களைப்பாகவும் இருந்தது. மேல்தட்டிலிருந்து ஜாடியை எடுத்தாள். மூடியைத் திறந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியை உள்ளே விட்டு ஓசைப்படக் கிளறினாள். பிறகு வெறும் கரண்டியை வாணலியின் விளிம்பில் இரண்டு முறை தட்டினாள்.

"போட்டுட்டேன் மாமா."

"அதானே. வாசனையிலியே தெரியுது பாரு, உப்பு புடிக்கிறது."

இறாலைக் கொட்டிக் கிளறினாள். ஐந்து நிமிடம்தான், அதற்கு மேல் இருந்தால் ரப்பராகிவிடும். சுருண்டு சிவந்ததும் மிளகைத் தூவி அடுப்பை நிறுத்தினாள். அவருக்கு ஒரு பங்கை எடுத்துவிட்டு, மீதியில் தனக்கும் கணவன் மாயவனுக்குமாக உப்பு சேர்ப்பதாக எண்ணம்.

"மாமா, சோறு போடட்டுமா?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தலை கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. மடியில் உரித்த பூண்டுப் பற்கள் இரண்டும் உரிக்காதது ஒன்றும் இருந்தன.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஓடி வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. மாயவன் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு டிராக்டரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தொலைபேசியில் செய்தியைக் கேட்டு, "வண்டிய யாராண்டயாவது வுட்டுட்டு வரேன்" என்று மட்டும் சொன்னான்.

"அடுப்ப அணைச்சிட்டியா? இனிமே பத்த வைக்காத" என்றாள் லட்சுமியம்மாள். "சோறு எங்க வூட்லருந்து வரும்."

அணைத்துத்தான் இருந்தது. ஆனால் வாசனையை அணைக்க முடியவில்லை. ஊதுபத்தியையும் மீறி இறாலும் பூண்டும் மணத்தன. வந்து அமர்ந்த பெண்களில் ஒருத்தி மெதுவாக, "சாவு வூட்ல இன்னா இப்டி அடிக்குது" என்றாள். இன்னொருத்தி, "உப்பும் காரமுமா துன்னுருப்பாரு, அதான்" என்றாள். தமிழ்மொழி அவருடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு இருமுறை நழுவியது.

எட்டரைக்கு ராஜாம்பாள் வந்தாள். தகப்பனின் மார்பில் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். தமிழ்மொழி பின்னாலேயே போனாள்.

"எங்கப்பனுக்கு இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல அண்ணி. சாப்புடறதுக்குள்ள..."

ராஜாம்பாள் வாணலியை மூடியிருந்த தட்டை நகர்த்தினாள். ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டாள். வாசலில் நின்ற லட்சுமியம்மாள், "இன்னாடி இது, பொணத்தப் போட்டுகினு" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உப்பே இல்ல" என்றாள் ராஜாம்பாள்.

"போடல அண்ணி."

"அவரு கேக்கலியா?"

"கேட்டாரு. போட்டுட்டன்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"வாசனையிலியே தெரியுதுன்னாரு."

ராஜாம்பாள் மென்றதை விழுங்க நேரம் எடுத்துக்கொண்டாள். தட்டை மறுபடி மூடினாள்.

"ஒரு கல்லாவது போட்டிருக்கலாம் தமிழு."

மாதக்கணக்கில் தினமும் காலையில் தொலைபேசியில் கேட்ட அதே குரல்தான். தமிழ்மொழி கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வந்தவர்களுக்குப் போட்டாள்.

மறுநாள் பிணம் எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். இறாலை யாரோ கொல்லையில் கொட்டியிருந்தார்கள். வாணலியைத் தேய்த்தது தமிழ்மொழிதான்.

கருமாதி முடிந்த மறுநாள் கறிப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைக்க வேண்டும். இறாலை அவளே செய்வதாகச் சொன்னாள். படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. வெங்காயம், பூண்டு, சோம்பு, அதே இரண்டு கரண்டி மிளகாய்த் தூள். ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி உப்பைப் போட்டாள். கிளறினாள். போட்டோமா என்று நின்றாள். கரண்டியைப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள்.

சூடம் காட்டி, படைத்து, காக்கைக்கு வைத்த பிறகு எல்லோரும் பந்தியில் அமர்ந்தார்கள். மாயவன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான்.

"இன்னா தமிழு, இப்டி கரிக்குது?"

"ஜாஸ்தியாயிடுச்சி" என்றாள் தமிழ்மொழி.

ஒவ்வொருவராக இறாலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். தண்ணீர்ச் சொம்பு வரிசையில் இரண்டு முறை போய் வந்தது. கடைசியில் அமர்ந்திருந்த ராஜாம்பாள் மட்டும் ஒதுக்கவில்லை. வைத்ததைத் தின்று முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வையி" என்று இலையைக் காட்டினாள். தமிழ்மொழி குனிந்து வைத்தாள்.

அந்த இலையின் அருகே டம்ளரில் ஊற்றியிருந்த தண்ணீர், பந்தி எழும்வரை குறையவே இல்லை.